கோலிகுண்டு அளவு

ஜூன் 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை தாய்ப்பால் வகுப்பில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸம்மா, முதல் பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் பெண்கள் ஐந்து பேர், அதாவது தையல்கடைப் பெண், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் பெண், பள்ளிக்கூட டீச்சர், வாயே திறக்காத அந்தப் புதுப்பெண், என் மகளும் உங்கள் மருமகளுமானவள், டிக்கெட் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த அவள் புருஷன், அவனும் கதவைப் பார்த்துத் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தான், கடைசி நாற்காலியில் நீங்கள். வேறு யாரும் இல்லை. பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறை ஜன்னல்களைச் சாத்தியது நானேதான். வீட்டுக் கணக்கைப் போல வகுப்புக் கணக்கையும் அன்றன்றைக்கே எழுதி வைக்கிறவள் நான். இதில் தப்பு வராது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று மாப்பிள்ளை போனில், "அத்தை, என்னை வெச்சு ஊரே சிரிச்சுதாமே?" என்று கேட்டார். ஊர் சிரிக்கவில்லை. மேலே சொன்னவர்கள்தான் சிரித்தார்கள். அதிலும் நர்ஸம்மா சிரிக்கவில்லை, புதுப்பெண் சிரிக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நர்ஸம்மா ஒரு கோலிகுண்டை எடுத்துக் காட்டி, பிறந்த அன்றைக்குக் குழந்தையின் வயிறு இவ்வளவுதான் என்று விளக்கினார். குண்டு கைக்குக் கை போய்க் கடைசியில் உங்களிடம் வந்தது. அப்போதுதான் டீச்சர், டப்பாப் பால் கொடுத்தால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்டாள். நான் சொன்னேன்: "எங்க மாப்பிள்ளை டப்பாப் பால்ல வளர்ந்தவர்தான். தங்கமான மனுஷன். ஆனா ஃபேனை ரெண்டுல வெச்சாலே தும்முவார்." அவ்வளவுதான் என் பேச்சு. நீங்கள் எழுந்தீர்கள். குடையைக்கூட எடுக்கவில்லை. விருந்துக்கு வந்தவர்கள், வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போனதும் நர்ஸம்மா என்னை ஓரமாக அழைத்துக் கண்டித்தார். தும்மலுக்கும் டப்பாவுக்கும் நானாக முடிச்சுப் போட்டது தப்பாம், ஓர் ஆளைக் காட்டிப் பேசியது அதைவிடத் தப்பாம். "சரிங்கம்மா" என்று தலையாட்டினேன். ஆகவே அந்தச் சிரிப்புக்காக உங்களிடமும் மாப்பிள்ளையிடமும் மன்னிப்பு கேட்கிறேன். கேட்டாயிற்று.

வகுப்புக்காக மன்னிப்பு கேட்க மாட்டேன். மகளை இனி அனுப்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். என் போனையும் எடுப்பதில்லை. அவளுக்கு ஆகஸ்டு முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு வகுப்புதான் கேட்டிருக்கிறாள். பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது, அது வாயை எவ்வளவு திறந்தபின் மார்பில் சேர்ப்பது, போதுமான பால் போகிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, ஒன்றும் தெரியாது. பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். அப்போது வலி இருக்கும், அசதி இருக்கும், கட்டிலைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லும் கூட்டம் இருக்கும். எதுவும் காதில் ஏறாது. அதனால்தான் முன்னாலேயே சொல்லி வைக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை அவளை அனுப்புங்கள். உங்கள் குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கோலிகுண்டு ஒன்று குறைகிறது, அது பெரிய விஷயமில்லை. கடவுள் உங்கள் வீட்டை நலமாக வைக்கட்டும்.

உங்கள் மருமகளின் தாய்


ஜூன் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு.

கடிதம் வந்தது. நான் ஜெராக்ஸ் கடைக்காரி. நாள் முழுக்கப் பிறத்தியார் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்துப் பழக்கமே தவிர, சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. போனை ஏன் எடுக்கவில்லை என்றால், நீங்கள் பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடுவதில்லை, என் முறை வருவதே இல்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தொங்குகிறவன். அங்கே இருக்கிற தூசியில் நீங்கள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், யார் தும்முவது என்று தெரியும். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மகள் அவனைப் பிடித்துத்தானே கட்டிக்கொண்டாள். அப்போது யாரும் என்ன பால் குடித்தாய் என்று விசாரிக்கவில்லை.

மருமகள் வர மாட்டாள். ரோடு முழுக்கக் குழி. இங்கே நர்ஸிங் ஹோம் இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். பால் டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கவில்லை. கூடத்து அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்காகவே அங்கே வைத்தேன்.

காலுறையில் பஞ்சு அடைத்து மார்பு தைத்து ஆளாளுக்குக் கையில் கொடுக்கிறீர்கள். உங்கள் ஊரில் நடக்கலாம். என் வீட்டில் வேண்டாம்.

குடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கோலிகுண்டைப் பற்றி எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 20

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் என்னிடம் வேண்டாம் என்று சொல்கிற இரண்டாவது ஆள். முதல் ஆளின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வகுப்பில் எல்லோர் கையும் பட்டு அந்தத் துணி மார்பு அழுக்காகிவிட்டது. துவைத்துப் பிரார்த்தனைக் கூடத்தின் பின்பக்கக் கொடியில் காயப் போட்டிருந்தேன். கூடத்துக் கமிட்டித் தலைவர் கை கழுவ வந்தவர் பார்த்துவிட்டார். "என்னம்மா அது?" என்றார். "மார்பு ஐயா. துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்" என்றேன். மனிதர் குழாயைக்கூட மூடாமல் போய்விட்டார். மறுநாளே கமிட்டியில் கூப்பிட்டு விசாரணை. இதுமாதிரிப் பேச்சைப் புனிதமான இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். "கடவுள் கொடுத்ததைப் பத்திக் கடவுள் வீட்டுல பேசறேன். யாரைக் கேக்கணும்?" என்றேன். வேண்டுமானால் பின்னறைக்குப் பூட்டுப் போடுங்கள், வாசற்படியில் உட்கார்ந்து நடத்துகிறேன், தெருவே கேட்கும் என்றேன். பூட்டு இன்னும் வரவில்லை.

எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானே தேடிப் படித்தது. எழுத்துக்கூட்டிப் படித்த ஆஸ்பத்திரித் துண்டுத்தாள்கள், நர்ஸம்மா கொடுத்த புத்தகங்கள், புரியாததை அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்ததை ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பெற்ற பெண்ணுக்கு மட்டும் ரோட்டில் குழி என்று விட்டுவிடுவேனா?

நீங்கள் வகுப்புக்கு அனுப்பவில்லை, ஆகவே வகுப்பைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தில் துணி மார்பும் என் கைப்பட எழுதிய தாளும் இருக்கின்றன. தாளில் உள்ளது: பிள்ளை பிறந்ததும் துடைத்து, உடையில்லாமல் தாயின் நெஞ்சோடு போட்டு, முதல் மணி நேரத்துக்குள் மார்பில் சேர்க்க வேண்டும். முதலில் வருவது மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் இருக்கும். அதைப் பீச்சிக் கொட்டக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, பிள்ளையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அது கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் தேடும். அழுகை வரும்வரை காத்திருக்கக் கூடாது. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். வாய் நன்றாகத் திறந்து, காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கறுப்பும் உள்ளே போக வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், விரலால் மெல்ல விடுவித்து மறுபடி சேர்க்க வேண்டும். நாளுக்குப் பிள்ளை நனைக்கும் ஈரத்துணிகளை எண்ணினால் போதுமான பால் போகிறதா என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்புக் கட்டம் கட்டி, நானாகச் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது: "பாலில்லாத தாய் உலகத்தில் இல்லை. கடவுள் எந்தத் தாயையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை." ஒவ்வொரு வகுப்பையும் இதைச் சேர்ந்து படித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். என் மகளும் தினம் ஒரு தரம் படிக்கட்டும்.

நீங்கள் கிழித்துப் போட்டால் மறுபடி எழுதி அனுப்புவேன். என் கை வலிக்காது.

உங்கள் மருமகளின் தாய்


ஜூன் 28

சம்பந்தியம்மா அவர்களுக்கு.

பொட்டலம் வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் கடை மேஜைமேல் வைத்து அமுக்கிப் பார்த்து, "மெத்துமெத்துன்னு இருக்கே, என்னம்மா இது?" என்றார். நகல் எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீங்கள் தலைவருக்குச் சொன்ன பதிலையே சொன்னேன். கையெழுத்து வாங்காமலே போய்விட்டார். உங்களால் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் இது.

தாளை மருமகளிடம் கொடுக்கும் முன் நான் படித்தேன். ஒரு வரியை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிற வரி. பாலில்லாத தாய் இல்லை என்கிறீர்கள். நான் இருக்கிறேன்.

என் மகன் தும்முவான் என்றதற்கு நான் எழுந்து போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் தும்முவதை நானே நடித்துக் காட்டிச் சிரிப்பேன். நான் எழுந்து போனது கோலிகுண்டினால். அது என்னிடம்தான் இருக்கிறது. தெரியாது என்று எழுதியது பொய்.

அவன் பிறந்தபோது எனக்குச் சின்ன வயசு. பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளைகளைக் கண்ணாடி அறைக்குள் வரிசையாக வைத்திருப்பார்கள். மணி அடித்தால் கொண்டு வந்து கொடுப்பார்கள். மறு மணி அடித்தால் வாங்கிக்கொண்டு போவார்கள். கொண்டு வரும்போது அவன் தூங்குவான். அவன் அழும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். மறுநாள் ஒருத்தி வந்து என் மார்பை அழுத்திப் பார்த்தாள். மஞ்சளாகச் சில சொட்டு வந்தது. "உனக்குப் பால் இல்லம்மா. புள்ள பட்டினி கெடக்குது" என்றாள். உடனே புட்டி வந்தது. பிறகு மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மற்றதும் போய்விட்டது. என் மாமியார் கண்ணை மூடும்வரை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதே பாலில்லாதவள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். பேரோடு ஒட்டிக்கொண்ட பட்டம் மாதிரி. நானும் நம்பினேன். இத்தனை வருஷம் நம்பினேன்.

உங்கள் நர்ஸம்மா அந்தக் குண்டைக் காட்டி, "முதல் நாள் வயிறு இவ்வளவுதான். சில சொட்டு போதும். அது மஞ்சளாத்தான் இருக்கும், அதுதான் பால்" என்றார். குண்டு என் கைக்கு வந்தது. கையை மூடிக்கொண்டேன். எனக்கு வந்ததும் அந்தச் சில சொட்டுதானே. யாராவது ஒருவர், பிரசவத்துக்கு முன்னால், ஒரே ஒரு நாள் உட்கார வைத்து இதைச் சொல்லியிருந்தால்? யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள் ஜோக் சொன்னீர்கள். ஆள் கிடைத்துவிட்டது.

இதனால் நான் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த வரி இருக்கிற தாள் என் வீட்டுச் சுவரில் ஏறாது. மருமகளுக்கு எந்தக் காரணத்தாலோ பால் போதவில்லை என்றால், உலகத்தில் இல்லாத ஒருத்தியாக அவள் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டுமா? நான் அப்படி நினைத்துக்கொண்டு இருந்தவள். டப்பா அலமாரியிலேயே இருக்கும். திறக்காமல் கிடந்தால் சந்தோஷம். திறந்தாலும் என் வீட்டில் யாரும் தலைகுனிய மாட்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூலை 4

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்துக்கு முதலில் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். "பார்த்தீர்களா, உங்களுக்கும் பால் இருந்திருக்கிறது, என் வரிதான் சரி" என்று அதில் எழுதியிருந்தேன். எழுதும்போது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒட்டி, தபால்தலை வைத்துவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வாய் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னதே தவிர மனசு உட்காரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரு பெண்ணே கண்ணுக்குள் நின்றாள். எழுந்து போய்க் கடிதத்தைக் கிழித்தேன்.

மறுநாள் நர்ஸம்மாவிடம் நீங்கள் அடித்த தாளைக் காட்டினேன். யார் அடித்தார்கள் என்று சொல்லவில்லை. இதைப் போன மாதமே அவர் அடித்திருக்க வேண்டுமாம். பெரும்பாலோருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்து உதவி செய்தால் போதும், ஆனால் நிஜமாகவே குறைவாகச் சுரக்கிறவர்களும் உண்டு, உடம்பில் அதற்குக் காரணங்கள் உண்டு என்றார். "பால் இருக்கிறவளுக்கு இந்த வரி தேவையில்லம்மா. இல்லாதவளை இது அடிக்கும்" என்றார். நான் விடவில்லை. இது என் விசுவாசம், உங்கள் புத்தகத்தில் இருக்காது என்றேன். விசுவாசத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்.

சனிக்கிழமை அந்த வரியைப் படிக்காமல் வகுப்பைத் தொடங்கினேன். ஏன் படிக்கவில்லை என்று டீச்சர் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒருவர் அடித்துவிட்டார், அடித்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றேன். அப்போது அந்த வாய் திறக்காத புதுப்பெண் வாய் திறந்தாள். "எனக்கு மார்புல கட்டி எடுத்து ஆபரேஷன் பண்ணியிருக்கு. எனக்கு வருமாக்கா?" என்றாள். எத்தனை வாரமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. எல்லோரோடும் சேர்ந்து அவளும்தான் அந்த வரியைப் படித்தாள். அவள் வாயை என் வரிதான் தைத்து வைத்திருந்திருக்கிறது. நர்ஸம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். பிரசவத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வரலாம், ஒரு பக்கம் குறையலாம், எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு தயாராக இருக்கலாம் என்றார். அவள் போகும்போது சிரித்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கட்டத்துக்குள் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "முதல் நாள் சில சொட்டு போதும். குறைவாக இருப்பதாகத் தோன்றினால் பிறத்தியார் சொன்னார்கள் என்று நம்பிவிடாதே, உடனே நர்ஸைக் கேள். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால், குற்றம் உன்னுடையதல்ல."

கடவுள் எந்தத் தாயையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பதை மட்டும் நான் விடவில்லை, விடவும் மாட்டேன். சிலருடைய கையில் அவர் டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறார் போலிருக்கிறது. உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் அதை வைத்து ஓர் ஆண்பிள்ளையை ஆளாக்கி என் மகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவரை வைத்து நான் ஜோக் சொன்னேன். இது அன்றைக்குக் கேட்ட மன்னிப்பு அல்ல. அது சும்மா கேட்டது.

புதிய தாளை அனுப்பியிருக்கிறேன். இதையும் அடிப்பதாக இருந்தால் அடியுங்கள். இல்லையென்றால் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வகுப்புக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குக் கடைசி நாற்காலி கிடையாது, முன்னால் போட்டிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 13

சம்பந்தியம்மாவுக்கு.

இனி பஸ் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வர முடியாது. இந்தத் தடவை ரோட்டைச் சாக்குச் சொல்லவில்லை.

தாளை அடிக்கவில்லை. மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நகல் எடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்று படித்துவிட்டு, எங்களுக்கும் ஒன்று போட்டுத் தாருங்கள் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். உங்கள் கையெழுத்து நகலில் நன்றாக விழுகிறது. ஆள்தான் அதட்டல், எழுத்து அடக்கமாக இருக்கிறது.

மருமகள் தலையணை உறையில் துணிகளைத் திணித்துப் பொம்மை செய்து வைத்துக்கொண்டு, தினமும் உங்கள் தாளைப் பார்த்துப் பிடித்துப் பழகுகிறாள். முந்தாநாள் என் மகன் அந்தப் பொம்மையை வாங்கி, "தலையைத் தாங்கணும்ல?" என்று சரியாகப் பிடித்தான். உடனே தும்மினான். மூன்று பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நர்ஸிங் ஹோமுக்குப் பரிசோதனைக்குப் போனோம். படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா. என்ன பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பிள்ளை பிறந்ததும் எங்கே வைப்பீர்கள் என்று முன்மேஜையில் இருந்த அம்மாளைக் கேட்டேன். "பேபி ரூம்ல வெச்சிப்போம்மா. அம்மா நல்லா தூங்கட்டும், காலையில கொண்டு வந்து தருவோம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இடையில் பிள்ளை அழுதால்? "புட்டியில கொடுத்துடுவோம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

கண்ணாடி அறை. மணி மட்டும்தான் இல்லை.

கைப்பைக்குள் கை போனது. குண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது உருண்டு போய் அவள் டீ டம்ளரில் மோதி நின்றது. "இதாம்மா வயிறு. இதுக்கு எதுக்குப் புட்டி?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள் என்றால் சத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். டாக்டரம்மா வெளியே வந்தார். சண்டைக்கு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றேன். அவர் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பிறகு சொன்னார்: "பக்கத்துலயே வெச்சுக்கலாம்மா. முதல் மணி நேரத்துலயே கொடுக்கலாம். நாங்க வேணாம்னு சொல்லல. யாரும் கேக்கறதில்ல, அதான் பழக்கமா போயிடுச்சு." இன்னொன்றும் சொன்னார். ராத்திரியில் ஆள் குறைவு, புதிதாக வருகிறவர்கள் பழக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஆகவே கூட இருக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூட ஒரே ஒரு பெண்துணைக்குத்தான் அனுமதி.

யாரும் கேட்பதில்லையாம். நானும்தான் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

அந்த ஒரு ஆள் நீங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், அவளைப் பெற்றவளும் நீங்கள். முன்னதாகவே வந்து தங்குங்கள், அறை ஒழித்து வைத்திருக்கிறேன். என்னைக் கூப்பிடாதீர்கள். மேஜை வரைக்கும் போய்ச் சத்தம் போட்டேன், அதோடு சரி. பிரசவ வார்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன். அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு மார்பு கல்லாகிறது, இப்போதும்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 18

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை எடுத்து வைத்தேன். புடவைகள், பிரார்த்தனைப் புத்தகம், பிள்ளைக்குப் பழைய துணியில் தைத்த சட்டைகள் எல்லாம் அடுக்கிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். நான்தான் கூட இருக்கப் போகிறேன், பயப்படாதே என்றேன். அவள் சொன்னாள்:

"அம்மா, கோவிச்சுக்காதே. நீ கமிட்டிக்காரங்ககிட்ட எல்லாம் மோதுவே, எனக்குத் தெரியும். ஆனா வெள்ளைக் கோட்டைப் பார்த்தா 'சரிங்கம்மா'ன்னுடுவே. பாப்பாவைத் தூக்கிட்டுப் போனாங்கன்னா நீ மூலையில நின்னு பிரார்த்தனை பண்ணுவே. அத்தை நின்னா தூக்கவே விடமாட்டாங்க. எனக்கு அத்தைதான் வேணும். அவங்களைக் கேக்க எனக்குத்தான் வாய் வரல."

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸம்மா கண்டித்தபோது நான் தலையாட்டியது ஞாபகம் வந்தது. இந்த மகளைப் பெற்ற ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் தலையாட்டினேன், என் அதிர்ஷ்டம், அங்கே சொன்னவர்கள் சரியாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டேன். வகுப்பை நடத்தியவள் நான், வரிவரியாக எழுதியவள் நான், பெற்றவள் நான். கதவுக்கு வெளியில் நிற்கப் போகிறவளும் நான். கடவுளிடமே சண்டை போட்டேன். அவர் மகள் பக்கம்தான் பேசினார்.

இந்தப் பெண்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. உன் உடம்பு, உன் பிள்ளை, கட்டிலுக்குப் பக்கத்தில் யார் வேண்டும் என்பதை முன்னாலேயே நீ யோசித்து வாய்விட்டுச் சொல் என்போம். என் மகள் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் வந்தாள். அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு போயிருக்கிறாள். நீங்களும் நானும் இத்தனை கடிதம் எழுதினோம், அவளை நம்மில் யாராவது கேட்டோமா?

ஆகவே நீங்கள் மாட்டேன் என்று எழுதியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் வேண்டாம் என்று சொன்னவர்கள் கணக்கு உங்களுக்குத் தெரியும். வாசனை மூக்கில் ஏறும், மார்பு கல்லாகும், தெரியும். ஏறட்டும். அன்றைக்கு உங்களிடம் இல்லாத இரண்டு இப்போது உங்களிடம் இருக்கின்றன. மஞ்சளாக வருவதும் பால்தான் என்று தெரியும், கேட்கலாம் என்றும் தெரியும். குண்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். யாராவது பிள்ளைக்குக் கை நீட்டினால் கையைத் திறந்து காட்டுங்கள். அதற்கும் மேல் பால் போதவில்லை என்று டாக்டரே சொன்னால், அலமாரியிலிருந்து டப்பாவை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், தெருவில் நாலு பேர் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

நான் அங்கே வந்து உங்கள் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் ஓட்டத் தெரியாது, ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும். உங்கள் குடையும் பெட்டிக்குள் இருக்கிறது.

நாள் நெருங்கிவிட்டது. நிற்பீர்களா, மாட்டீர்களா என்று மகளிடம் நான் சொல்ல வேண்டும். கடிதம் கண்டவுடன் பதில் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி